காத்திருப்போர் கணக்கு

பல்கலைக்கழகம் ஒன்றில் மீத்திறன் கணிப்பொறி நிறுவப்பட்டால், மறுநாள் செய்தியில் தவறாமல் இடம்பெறுவது அதன் வேகம். 2022 மே மாதத்தில் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'பரம் பொருள்' தொடங்கப்பட்டபோது 838 டெராஃபிளாப்ஸ் என்றார்கள். அதே ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த 'பரம் பிரவேகா' 3.3 பெட்டாஃபிளாப்ஸ் என்றார்கள். ஒரு டெராஃபிளாப்ஸ் என்றால் நொடிக்கு ஓர் இலட்சம் கோடி தசமக் கணக்குகள். பெட்டாஃபிளாப்ஸ் என்பது அதைப் போல் ஆயிரம் மடங்கு. கேட்கும்போது மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் தமக்கு எவ்வளவு கிடைக்கும் என்று ஓர் ஆராய்ச்சி மாணவர் கேட்டால், இந்த எண்ணால் விடை சொல்ல முடியாது.

ஏனெனில் இவை தனி ஒருவருக்கான பொறிகள் அல்ல. பருவமழையின் போக்கையோ, ஒரு புரத மூலக்கூறு மடியும் விதத்தையோ, புதிய உலோகக் கலவையின் எலெக்ட்ரான் அமைப்பையோ கணக்கிட விரும்பும் துறை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பொறி வாங்க இயலாது. அதனால்தான் பலர் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கணிப்புக் கூடங்கள் தோன்றின. பகிர்ந்துகொள்ளும் பொருளை அதன் அளவை மட்டும் சொல்லிப் பாராட்டுவது, ஊர்க் கிணற்றின் ஆழத்தைச் சொல்லிவிட்டு எத்தனை குடங்கள் வரிசையில் நிற்கின்றன என்பதைச் சொல்லாமல் விடுவது போன்றது.

முதலில் அந்த வேக எண்ணையே பார்ப்போம். உலகின் முதல் 500 கணிப்பொறிகளின் பட்டியல் 1993 முதல் வெளிவருகிறது. அதற்கான சோதனையின் பெயர் லின்பேக். மிகப் பெரிய ஒருபடிச் சமன்பாட்டுத் தொகுதி ஒன்றை எவ்வளவு விரைவில் தீர்க்கிறது என்பதே அந்தச் சோதனை. இது பொறிக்கு வசதியான கணக்கு. எண்கள் ஒழுங்காக வரிசை கட்டி வரும். ஆராய்ச்சியாளரின் கணக்குகள் பல அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் நேரம் பெருக்குவதிலும் கூட்டுவதிலும் போவதைவிட, எண்களை நினைவகத்திலிருந்து தேடி எடுத்து வருவதிலேயே அதிகம் போகிறது. இத்தகைய வேலையைப் போலச் செய்யும் எச்.பி.சி.ஜி. என்ற மற்றொரு சோதனையும் இருக்கிறது. ஜப்பானின் 'ஃபுகாகு' 2020இல் லின்பேக்கில் 442 பெட்டாஃபிளாப்ஸ் காட்டி உலகில் முதலிடத்தில் நின்றது. அதே பொறி இரண்டாவது சோதனையில் காட்டியது 16 மட்டுமே. நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை! இத்தனைக்கும் அந்த 16 பெட்டாஃபிளாப்ஸே அச்சோதனையில் அன்று உலகின் முதலிடம்.

வேகத்தை விட்டுவிடுவோம். இரண்டாவது பெருமை ஒன்று உண்டு. அதுதான் நம்மை அதிகமாக ஏமாற்றக்கூடியது. 2015இல் 4,500 கோடி ரூபாய்த் திட்டமாக இந்திய அரசு தொடங்கிய தேசிய மீத்திறன் கணிப்பு இயக்கம் ஏழாண்டுகளில் எழுபதுக்கு மேற்பட்ட கூடங்களை அமைக்க எண்ணியது. 2025 மார்ச் நிலவரப்படி 34 பொறிகள் நிறுவப்பட்டிருந்தன. மொத்தத் திறன் 35 பெட்டாஃபிளாப்ஸ். இவற்றின் பயன்பாடு 85 விழுக்காட்டுக்கு மேல் என்றும், பல பொறிகள் 95 விழுக்காட்டையும் தாண்டிவிட்டன என்றும் அரசு தெரிவித்தது. உறை கழற்றாத கருவிகள் பல ஆய்வுக்கூடங்களில் தூங்கும் நாட்டில் இது சிறிய செய்தி அன்று. ஆனால் 95 என்பது 85ஐவிட மேலானதா?

வரிசைக் கோட்பாடு என்று கணிதத்தில் ஒரு பிரிவு உண்டு. அதன் மிக எளிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். பணி செய்வோர் ஒருவர். வேலைகள் ஒழுங்கின்றி வருகின்றன. ஒரு வேலைக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஆகிறது. அவர் பாதி நேரம் மட்டும் ஈடுபட்டிருந்தால், வருபவர் சராசரியாக ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். 85 விழுக்காடு ஈடுபட்டிருந்தால் காத்திருப்பு ஐந்து மணி 40 நிமிடம். 95 விழுக்காடு என்றால் 19 மணி நேரம்! பயன்பாடு பத்துப் புள்ளி கூடக் காத்திருப்பு மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கான செயலகங்கள் கொண்ட உண்மையான பொறியில் இந்த எண்கள் அப்படியே பொருந்தா. காத்திருப்பு இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் நிறைய நிறைய வரிசை செங்குத்தாக ஏறும் என்ற போக்கு மாறாது. எப்போதும் நிரம்பி ஓடும் பேருந்து போக்குவரத்துக் கழகத்தின் கணக்குப் புத்தகத்துக்கு இனிப்பு. நிறுத்தத்தில் நிற்பவருக்கு அப்படியன்று.

வரிசையை நடத்துவதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆராய்ச்சியாளர் தம் ஊரிலிருந்தபடியே கணக்கை அனுப்பி, இத்தனை செயலகங்கள் வேண்டும், இத்தனை மணி நேரம் வேண்டும் என்று குறிப்பிடுவார். பெரிய வேலைக்குப் போதிய இடம் சேரும் வரையில், அதற்குள் முடிந்துவிடக்கூடிய சின்ன வேலைகளை இடையிலே நுழைத்துவிடும். ஓட்டலில் எட்டுப் பேருக்கு ஒரே மேசை கேட்டவர்கள் நிற்கும்போது, காப்பி மட்டும் குடித்துப் போகிறவரை ஓரத்தில் உட்கார வைப்பது போல. இதில் மாணவர்கள் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று: இரண்டு மணி நேர வேலைக்கு எதற்கும் இருக்கட்டும் என்று 24 மணி நேரம் கேட்பவர் இந்த இடைவெளிகளைத் தாமே இழக்கிறார். இதைச் சொல்லித் தர ஆள் வேண்டும். கூடத்தின் தரம் பெரும்பாலும் இங்கேதான் நிர்ணயமாகிறது.

அமெரிக்காவின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டுப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளுக்கு மீத்திறன் கணிப்பொறிகள் எட்டாக்கனி. லாரி ஸ்மார் என்ற வானியற்பியலாளர், தம் நாட்டிலேயே செய்யப்பட்ட கிரே கணிப்பொறியில் வேலை செய்ய மேற்கு ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் கழகத்துக்குப் போக வேண்டியிருந்தது. கணித அறிஞர் பீட்டர் லாக்ஸ் தலைமையிலான குழு 1982இல் இந்த அவலத்தை எடுத்துரைத்தது. அதன்பின் அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்தின் பொருளுதவியால் ஐந்து பொதுக் கூடங்கள் எழுந்தன. அவற்றை இணைக்க 1986இல் அமைத்த வலையின் வேகம் நொடிக்கு 56 கிலோபிட் மட்டுமே. அதுவே பின்னர் இன்றைய இணையத்தின் முதுகெலும்பாயிற்று.

ஐந்தில் பிரின்ஸ்டன் அருகே அமைந்த ஜான் வான் நாய்மன் மையம், காகிதத்தில் மிக வேகமான ஈ.டி.ஏ.-10 என்ற பொறியை நம்பியது. திரவ நைட்ரஜனில் குளிர்விக்கப்பட்ட அற்புதப் பொறி அது. ஆனால் அதை இயக்கும் மென்பொருள் பக்குவப்படவில்லை. 1989இல் தயாரித்த நிறுவனமே மூடப்பட்டது. அடுத்த ஆண்டு மையத்துக்கான உதவியும் நின்றது. ஸ்மார் தலைமையேற்ற இல்லினாய் மையத்தின் கதை வேறு. அங்கே நிரலர்களும் பயன்படுத்துவோருக்கு உதவும் பணியாளர்களும் நிறைய இருந்தார்கள். 1993இல் உலகெங்கும் இணையத்தைப் பரப்பிய 'மொசைக்' என்ற உலாவி அங்கே பிறந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் அப்போது பட்டப்படிப்பு மாணவர். பொறியை மட்டும் வாங்கி வைத்திருந்தால் இது நடந்திராது.

நம் கூடங்களின் திறமையில் நமக்கு ஐயமில்லை. பொறிகளை இங்கேயே கட்டுகிறோம், திரவக் குளிர்விப்பும் செய்கிறோம். குறை வேறிடத்தில். திருச்சியை அடுத்த ஒரு கலைக் கல்லூரியில் வேதியியல் முதுநிலை பயிலும் மாணவியை எண்ணிப் பாருங்கள். ஒரு மூலக்கூறுக் கணக்கு அவரிடம் இருக்கிறது. துறையிலுள்ள சாதாரணக் கணிப்பொறியில் அது இரண்டு நாள் ஓடும். பொதுக் கூடத்தின் பொறியில் ஒரு மணி நேரத்தில் முடியும். ஆனால் விண்ணப்பம் ஏற்கப்பட எத்தனை வாரம், ஏற்கப்பட்ட பின் வரிசையில் எத்தனை நாள், பிழை வந்தால் தொலைபேசியில் பதில் சொல்வார் யார்? தொடக்க விழாச் செய்திகளில் இவற்றைக் காணோம். இந்த மூன்று விவரங்களையும் மாதந்தோறும் ஒவ்வொரு கூடத்தின் வாயிலிலும் ஒட்டி வைக்கலாம். செலவு ஒரு தாள். அது வரையில் அந்த மாணவி துறைக் கணிப்பொறியிலேயே கணக்கைத் தொடங்கிவிட்டு, இரண்டு நாள் மின்சாரம் போகாமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்.