கரைக்காரர்கள் மட்டும் போதுமா? ஏரிச் சங்கங்கள் பற்றி ஒரு குறிப்பு

ஏரிப் பாதுகாப்பு என்றாலே இப்போது ஒரே படம்தான் மனசில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, கையுறை போட்ட இளைஞர்கள், பிளாஸ்டிக் மூட்டைகள், கரையில் பனைவிதை நடவு, கடைசியில் குழுப் படம். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கரையில் குடியிருப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தால் ஏரி பிழைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் எனக்குச் சிக்கல். அந்த நம்பிக்கையைக் கண்டமங்கலம் பக்கத்து நிலவரத்தை வைத்துக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். வில்லியனூர் தாண்டினால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் திருவண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு. மறுபடியும் புதுச்சேரி. அப்புறம் வளவனூர், மறுபடியும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டதன் மிச்சம் இது. பஸ்ஸுக்கு எல்லை ஒரு போர்டுதான். தண்ணீருக்கு அப்படியில்லை.

பாகூர் ஏரியை எடுத்துக்கொள்வோம். ஊசுடு ஏரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியின் பெரிய ஏரி. இதற்குத் தண்ணீர் வருவது தென்பெண்ணையிலிருந்து, சொர்ணாவூர் அணைக்கட்டு வழியாக, பங்காரு வாய்க்காலில். பங்காரி, சிங்காரி என்று இரண்டு சகோதரிகள் தங்கள் செல்வத்தைப் போட்டு வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் கதை உண்டு. கதை இருக்கட்டும். சொர்ணாவூர் இருப்பது தமிழ்நாட்டில், கண்டமங்கலம் ஒன்றியத்தில். அதாவது பாகூர் ஏரியின் வாய் ஒரு மாநிலத்தில், வயிறு இன்னொரு மாநிலத்தில். பாகூர் கரையில் எவ்வளவு நல்ல சங்கம் இருந்தாலும், தலைப்பில் மண் மேடிட்டால், அல்லது மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துபோனால், வாய்க்காலுக்குள் தண்ணீர் ஏறாது. கரையைக் காத்து என்ன செய்வது?

எனவே ஒரு ஏரிச் சங்கத்தைப் பார்த்தால் நான் நாலு கேள்வி கேட்பேன். யார் உறுப்பினர்? சங்கத்தின் எல்லை எதுவரை? காசு எங்கிருந்து வருகிறது? "முடியாது" என்று சொல்ல அதற்கு அதிகாரம் உண்டா?

முதல் கேள்வியிலேயே தமிழ்நாட்டுச் சட்டம் தடுமாறுகிறது. 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வடிவம் கொடுத்தது. ஆனால் அது நிலம் உள்ளவர்களின் சங்கம். ஆயக்கட்டில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள், மீன் பிடிப்பவர்கள், கரையில் ஆடுமாடு மேய்ப்பவர்கள், கோரை அறுப்பவர்கள் எல்லாம் ஏரியைத் தினமும் பார்க்கிறவர்கள். மதகு ஒழுகினால் முதலில் கண்ணில் படுவது இவர்களுக்குத்தான். பட்டா இல்லாததால் இவர்களுக்கு அங்கே ஓட்டு இல்லை.

அடுத்தது காசு. 2017-இல் அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி கொண்டுவந்தது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாய். பயனாளிகள் பங்கு 10 சதவீதம், உழைப்பாகவோ பணமாகவோ பொருளாகவோ. பேர் பழைய பேர்தான், உள்ளடக்கம் வேறு. பழைய குடிமராமத்து வருஷா வருஷம் நடக்கும் பழக்கம். மழைக்கு முன்னால் வரத்து வாய்க்கால் தூர்வாருவது, மதகு சரிபார்ப்பது. 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டுக் கூட ஆங்கிலேய அரசால் அந்தப் பழக்கத்தைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. புதிய திட்டம் வேலைக்கு ஒரு எஸ்டிமேட், எஸ்டிமேட்டுக்கு ஒரு சங்கம் என்று போனது. மதிப்பீட்டுக்காகப் பிறந்த சங்கத்துக்கு, பில் பாஸான பிறகு கூடிப் பேச என்ன காரணம் இருக்கும்? அடுத்த ஐப்பசியில் கலங்கல் அடைத்துக்கொண்டால் போய்ப் பார்க்க வேண்டியவர் யார் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நல்ல உதாரணமும் இங்கேயே இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் 'கேஸ் கொமூன்' என்று ஒரு பொதுநிதி ஏற்பாடு இருந்தது. விவசாயிகளிடம் வசூலித்து, ஏரி, வாய்க்கால் பராமரிப்புக்கே செலவு செய்வார்கள். 1954-இல் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த பிறகு அது மெல்ல மறைந்தது. பிறகு 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளுக்கு மறுசீரமைப்புத் திட்டம் தொடங்கியபோது, ஏரிச் சங்கங்களில் நிலமில்லாதவர்களையும் பெண்களையும் சேர்க்க முயன்றார்கள். அதைவிட முக்கியம், பாகூர் பகுதியில் ஏரிச் சங்கங்கள் சேர்ந்து 'பங்காரு வாய்க்கால் நீராதாரக் கூட்டமைப்பு' என்று ஒன்றை உருவாக்கியது. பேரைக் கவனியுங்கள். ஏரியின் பேரில் இல்லை, வாய்க்காலின் பேரில் இருக்கிறது. நான் கேட்ட இரண்டாம் கேள்விக்கு இதுதான் சரியான பதில் என்று நினைக்கிறேன். ஒரு ஏரிச் சங்கத்தின் எல்லை அந்த ஏரியின் கரையோடு முடியக்கூடாது, தண்ணீர் வரும் வழி முழுக்க நீள வேண்டும்.

ஊசுடு ஏரியில் நடந்தது வேறு. சுமார் 800 ஹெக்டேர், பாதி புதுச்சேரி, மீதி தமிழ்நாட்டின் வானூர் வட்டம். புதுச்சேரி தன் பங்கைப் பறவைகள் சரணாலயமாக 2008-இல் அறிவித்தது. தமிழ்நாடு தன் பங்கை அறிவிக்க 2015 ஆனது. ஏழு வருஷம் ஒரே ஏரியில் பறவை இந்தப் பக்கம் நீந்தினால் சரணாலயம், அந்தப் பக்கம் நீந்தினால் வெறும் ஏரி! இப்போது இரு பக்கமும் சட்டத்தின் காவல் இருக்கிறது, நல்லது. ஆனால் பாசன ஏரியாக இருந்தபோது உழவருக்கும் மீனவருக்கும் இருந்த பேச்சுரிமை, வனத்துறைக்குப் போனபின் என்ன ஆனது? காவல் வந்தது, கூட்டம் கலைந்தது. சங்கராபரணியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் சுத்துக்கேணி வாய்க்காலோ சரணாலய எல்லைக்கு வெளியில்.

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிகள் அதிகம். அங்கே 1974-இல் போட்ட சட்டத்தின்படி ஏரியைச் சுற்றியுள்ளவர்கள் ஒரு 'ஏரி மாவட்டம்' அமைத்து, தங்களுக்குள் வரி போட்டுக்கொள்ளலாம். கூடவே, கரையிலிருந்து 75 அடிக்குள் பொதுவாகக் கட்டடம் கட்டக்கூடாது, 35 அடிக்குச் செடிகொடிகளை அழிக்கக்கூடாது என்று மாநில விதி. காசும் 'முடியாது' என்ற சொல்லும் சேர்ந்து கிடைக்கின்றன. ஆனால் அது பெரும்பாலும் வீட்டுச் சொத்து வைத்திருப்பவர்களின் அமைப்பு. அவர்களுக்கு ஏரி என்பது நீந்தவும் பார்க்கவும். நமக்கு ஏரி என்பது நெல். அப்படியே எடுத்து ஒட்ட முடியாது.

ஒட்டினால் என்ன ஆகும் என்பதுதான் என் உண்மையான கவலை. விழுப்புரம்–புதுச்சேரி சாலை நாலுவழியாகிவிட்டது. சாலையோரம் மனைப்பிரிவுகள் பெருகுகின்றன. ஏரிக்குப் பக்கத்தில், சில இடங்களில் பழைய ஆயக்கட்டிலேயே, வீடு கட்டுகிறவர்கள் நாளை 'குடியிருப்போர் நலச்சங்கம்' வைப்பார்கள். அவர்களுக்கு ஏரி பாதி நிரம்பினால் அழகு, முழுக்க நிரம்பினால் பயம். உழவருக்கு முழுக்க நிரம்பினால்தான் இரண்டாம் போகம். மழைக்காலத்தில் கலங்கலை உடைக்கச் சொல்லும் சங்கமும், கலங்கலில் மணல்மூட்டை அடுக்கும் சங்கமும் ஒரே ஏரியில் இருக்கும். இரண்டுமே தன்னை ஏரிப் பாதுகாப்புச் சங்கம் என்றுதான் சொல்லிக்கொள்ளும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை தன் பழைய இடமெல்லாம் தேடிப் போனது. அந்த மாதிரி ராத்திரியில் எந்த மதகை எவ்வளவு திறப்பது என்று தெரிந்த ஆள் ஊரில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அவருக்கு நீர்க்கட்டி என்று பேர், ஊரே நெல் அளந்து கூலி கொடுத்தது. இப்போது அந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, ஆளும் இல்லை.

2007-இன் ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் எல்லை அளந்து கல் நடும் வேலையை அதிகாரிகளிடம் கொடுத்திருக்கிறது. கல் நட்ட பிறகு அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்ச் சங்கத்துக்கு அதில் இடமில்லை. என்னைக் கேட்டால் அங்கேதான் தொடங்க வேண்டும். அளந்த வரைபடம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். மீன் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு அந்த ஏரிக்கே திரும்ப வேண்டும், அதிலிருந்து நீர்க்கட்டிக்குச் சம்பளம். பட்டா இல்லாதவருக்கும் ஓட்டு. சொர்ணாவூர்க்காரரும் பாகூர்க்காரரும் வருஷத்தில் ஒருமுறையாவது, புரட்டாசியில், வாய்க்கால் தலைப்பில் நின்று பேச வேண்டும். பனைவிதையை அதற்கப்புறம் நடலாம், அதற்கும் ஐப்பசிதானே நல்ல பருவம்.