முன்பாரமும் பின்பாரமும்

நாஞ்சில் நாட்டில் என் பாட்டனார் காலத்து வண்டிக்காரர்கள் நெல் மூட்டைகளை ஏற்றி முடித்த உடனே மாட்டைப் பூட்டிவிட மாட்டார்கள். நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, அது தரையை நோக்கி அழுத்தினால் முன்பாரம் என்றும், கையை விட்டதும் தானே மேலெழும்பினால் பின்பாரம் என்றும் சொல்லி, ஒரு மூட்டையை அரை முழம் இப்படியோ அப்படியோ நகர்த்திய பிறகுதான் புறப்படுவார்கள். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் மிகுந்தால் மேடேறும்போது நுகம் எழும்பிப் பூட்டாங்கயிறு அதன் தொண்டையை இறுக்கும். மூன்று வருஷங்களாகத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பிக்கப் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதைகளில் திரிந்து நான் பெற்ற அனுபவம் முழுவதும் இந்த இரண்டு சொற்களில் அடங்கிவிடும் என்பதே என் அபிப்பிராயம்.

என்னுடையது இசுசு டி-மாக்ஸ் வி-கிராஸ். ஆந்திரத்தில் ஸ்ரீசிட்டி ஆலையில் தயாராகி 2016-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த, ஐந்து பேர் உட்காரக்கூடிய இரட்டைக் கேபின் வண்டி. எஞ்சினைப் பற்றியும் நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றியும் எழுதியவர்கள் பலர் இருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, லோடு ஏற்றுபவர்கள் ‘பாடி’ என்று சொல்லும் பின்பகுதியைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். டேப்பை வைத்து அளந்தால் நீளமும் அகலமும் ஏறத்தாழ ஐந்தடி, ஆழம் ஒன்றரை அடி. ஆனால் சக்கரங்களுக்காக இரு பக்கமும் உள்ளே புடைத்திருக்கும் வளைவுகளுக்கு இடையில் கிடைக்கும் அகலம் மூன்றடி எட்டங்குலமே. இந்த அளவுகளைப் பார்த்துத்தான் எல்லோரும் சாமான்களை அடுக்கத் திட்டம் போடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். பார்க்க வேண்டிய அளவு வேறொன்று இருக்கிறது. பின்னச்சு பாடியின் நடுவில் இல்லை. கேபினின் முதுகிலிருந்து ஏறத்தாழ ஓர் அடி தள்ளியதும் அச்சு வந்துவிடுகிறது. ஆகவே ஐந்தடி நீளத்தில் நான்கடி அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. இரட்டைக் கேபின் பிக்கப் என்பது, எவர் தயாரித்ததாயினும், பிறவியிலேயே பின்பார வண்டிதான்.

இதன் விளைவைக் கணக்காகப் பார்த்தால்தான் மனத்தில் தைக்கும். என் வண்டியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையேயுள்ள தூரம் 3,095 மில்லிமீட்டர். 50 கிலோ எடையுள்ள ஒரு பெட்டியைப் பின்னச்சிலிருந்து ஒரு மீட்டர் பின்னால், அதாவது பின்கதவுக்கு அருகில், வைத்தால் அது பின்னச்சின்மேல் 50 கிலோவாக உட்காருவதில்லை. முன்னச்சிலிருந்து 16 கிலோவைப் பறித்துக்கொண்டு 66 கிலோவாக உட்காருகிறது. அதே பெட்டி அச்சுக்கு நேர்மேலே இருந்தால் முன்சக்கரங்கள் ஒரு கிலோவையும் இழப்பதில்லை. தட்டையான தேசிய நெடுஞ்சாலையில் இந்தப் பதினாறு கிலோவை யாரும் உணரமாட்டார்கள். ஆனால் செங்குத்தான எஸ்டேட் பாதையில், மழை பெய்த செம்மண்ணில், மூக்கை உயர்த்தி ஏறும் வண்டியின் முன்சக்கரங்கள் திருப்பிய பக்கம் திரும்பாமல் வழுக்கிக்கொண்டு நேரே போகும்போது, அந்தப் பதினாறு கிலோ எங்கே போயிற்று என்பது பிரத்தியட்சமாகத் தெரியும்.

முதல் வருஷம் நான் செய்துகொண்டது இழுப்பறை அமைப்பு. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நெடும்பயணம் செய்பவர்கள் தங்கள் வண்டிகளில் பொருத்திக்கொள்ளும் நீண்ட இழுப்பறைகளின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டில், 18 மில்லிமீட்டர் கனத்தில், பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு இழுப்பறைகளை ஒரு தச்சரிடம் செய்வித்தேன். வேலைப்பாடு மிக நேர்த்தி. பின்கதவைத் திறந்து ஒரு விரலால் இழுத்தால் பாத்திரங்களும் கருவிகளும் கடை அலமாரியில் இருப்பதுபோல வரிசையாக வெளியே வந்து நிற்கும். ஆனால் எட்டுக்கு நாலடி அளவுள்ள அத்தகைய பலகை ஒன்று 35 கிலோவுக்குக் குறையாது. இரண்டு பலகைகளும், இரும்புக் கோணச் சட்டங்களும், சேனல்களும் சேர்ந்து, ஒரு சாமானும் வைக்காமலே நூறு கிலோவைத் தொட்டுவிட்டன. அந்த நூறு கிலோவின் மையமும் அச்சுக்குப் பின்னால்தான். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் மொத்த எடையும் வெற்று எடையும் அச்சிட்டிருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, அதிலிருந்து பயணிகளின் எடையையும் கழித்துப் பார்ப்பவருக்கு, சாமான்களுக்கென்று மிஞ்சுவது எவ்வளவு சொற்பம் என்பது விளங்கும். அந்தச் சொற்பத்தைப் பெட்டிக்கே கொடுத்துவிட்டால் பெட்டிக்குள் வைப்பதற்கு என்ன மிஞ்சும்?

இழுப்பறையின் மற்றொரு குறை போணக்காட்டில் தெரிந்தது. நெடுமங்காடு, விதுரை வழியாகச் சென்று, காணித்தடம் வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி பெற்று மேலே ஏறினால், கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையும், 1,868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியர்கூடத்தின் அடிவாரமும் அந்தப் பாதையின் முடிவில் இருக்கின்றன. சுற்றிலும் பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம். பாதையை விட்டு ஓரங்குலமும் இறங்கக்கூடாத இடம். நம் பக்கத்தில் கரடுமுரடான பிரயாணம் என்பது காட்டுக்குள் புகுவதன்று, இப்படிச் சிதைந்த எஸ்டேட் பாதைகளில் போவதுதான். அப்படியே இருக்கவும் வேண்டும். ஓர் ஐப்பசி மாதத்துப் பிற்பகலில், மழைநீர் அரித்த வாய்க்கால் ஒன்றில் பின்சக்கரம் இறங்கி, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மண்வெட்டி இடப்பக்க இழுப்பறையில் இருந்தது. பின்கதவைத் திறந்து இழுத்தேன். நான்கு விரற்கடை வந்து நின்றுவிட்டது. சேனலின் குண்டுமணிகளுக்கிடையில் செம்மண் மாவாகப் புகுந்து, மழை ஈரத்தில் களியாகி இறுகியிருந்தது. வலப்பக்க இழுப்பறையோ, சரிவின் காரணமாகத் தாழ்ப்பாளை எடுத்ததும் தன் பாரத்தாலேயே முழுவதும் பாய்ந்து வந்து என் முழங்காலில் மோதிற்று. கடைசியில் அந்த இழுப்பறையில் இருந்தவற்றையெல்லாம் புல்லின்மேல் இறக்கி வைத்து, ஒரு தோசைக்கரண்டியால் இடப்பக்கச் சேனலைச் சுரண்டிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில், அட்டைகள் புல்லிலிருந்து அரிசி மூட்டையின் மேலும், துணிப்பையின் மேலும், அங்கிருந்து எங்கள் கால்களின் மேலும் ஏறின. அவசரத்தில் வேண்டிய பொருளை அடைய வேறு எதையும் இறக்கக் கூடாது, வேறு எதையும் இழுக்கக் கூடாது என்ற விதியை அன்றுதான் உணர்ந்தேன்.

இழுப்பறைகளைக் கழற்றிய பிறகு என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு வழிகாட்டியவர், திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் காய்கறி லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஒரு சுமட்டுத் தொழிலாளி. கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். என் வண்டியைச் சுற்றி வந்து, பாடியின் உள்ளே கையை விட்டுத் தட்டிப் பார்த்து, “சார், லோடு கேபினுல சாயணும், டோருல சாயப்படாது. கனத்த பிடிச்சு முன்ன வையுங்க, பெறகு தக்காளிப் பெட்டியைப் போட்டு நிறையுங்க, ஒண்ணும் அசையாது” என்றார். கேபினில் சாய்ந்த பாரம் பிரேக் போடும்போது முன்னால் பாய இடமில்லாமல் அங்கேயே நிற்கும் என்பது அவருடைய தர்க்கம். பாட்டனார் வீட்டு வண்டிக்காரர்களின் சாஸ்திரமும் அவருடைய சாஸ்திரமும் ஒன்றாக இருந்ததைக் கேட்டு எனக்கு உண்டான சந்தோஷம் சாமானியமானதன்று.

அவர் சொன்ன தக்காளிப் பெட்டி என்பது சந்தையெங்கும் அடுக்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் கிரேட். 600-க்கு 400 மில்லிமீட்டர் என்ற அடித்தள அளவு அவற்றில் சாதாரணம். அந்த அளவு என் வண்டிக்கென்றே வகுத்ததுபோல் அமைந்தது. சக்கர வளைவுகளுக்கிடையே ஒரு கிரேட்டை அகலவாட்டிலும் மற்றொன்றை நீளவாட்டிலும் வைத்தால் சரியாக ஒரு மீட்டர். மீதி நாலங்குல இடைவெளியில் மண்வெட்டியும், சக்கரத்தடியில் போட ஒரு பலகையும், எதையும் தொடாமல் பின்கதவுப் பக்கமிருந்து உருவக்கூடியபடி செருகி நிற்கின்றன. போணக்காட்டில் அரைமணி நேரம் பிடித்த காரியத்துக்கு இப்போது இரண்டு வினாடி போதும். கேபினின் முதுகை ஒட்டிய அந்த ஓரடியில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டும், ஜாக்கியும், கருவிப் பெட்டியும், சங்கிலியும் இருக்கின்றன. தண்ணீர் மட்டுமே நாற்பது கிலோ என்பதால் அதற்கு இதைவிடத் தகுந்த ஸ்தானம் கிடையாது. அதற்குப் பின்னால் மூன்று கிரேட்டுகள்: சமையல் ஒன்று, மளிகை ஒன்று, கயிறு, ஷாக்கிள், டயர் பம்பு முதலியன ஒன்று. பின்கதவை ஒட்டிய ஒன்றேகால் அடியில் கூடாரம், பாய், துணிமணி முதலிய லேசான பொருள்கள் மாத்திரமே. கிரேட்டின் பக்கங்கள் துவாரமுள்ளவையாதலால் ஈரம் தங்குவதில்லை. பூசணம் பிடிக்காமல் ஒரு பொருளையும் மூடிவைக்க முடியாத இந்த ஊரில் இது சிறிய குணமன்று. உலர்ந்திருக்க வேண்டியவற்றை மட்டும் மூடியுள்ள டப்பாக்களிலிட்டு கிரேட்டுக்குள் வைக்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் அடியில் கிடப்பது, கேரளத்தில் தொழுவங்களில் பசுக்கள் படுக்க விரிக்கும் ரப்பர் மேட். வளைவுகளுக்கிடையே மட்டும் பொருந்துமாறு வெட்டிய துண்டு 18 கிலோ எடை இருக்கிறது. எடையைக் குறைக்க இத்தனை பாடுபட்டவன் இதை ஏன் ஏற்றினேன் என்றால், வர்ணம் பூசிய இரும்புத் தளத்தில் பிளாஸ்டிக் பெட்டி எண்ணெயில் வைத்ததுபோல் வழுக்குகிறது. ரப்பரின்மேல் அதே பெட்டியை நகர்த்த இரு கையும் வேண்டியிருக்கிறது. உராய்வு பாதி வேலையைச் செய்துவிட்டால் கட்டுகிற கயிற்றுக்கு மீதி வேலைதான். கயிறு என்று சொன்னாலும் நான் உபயோகிப்பது பாலியஸ்டர் ராட்செட் பெல்ட். நைலான் கயிறு நனைந்தால் நீளும். காலையில் இறுக்கிக் கட்டியது மதியமழைக்குப் பின் தளர்ந்து கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றைக் கனமான பொருளுக்கு ஒருநாளும் நம்பக்கூடாது. அது பாரத்தை நிறுத்துவதில்லை, ஊசலாட்டுகிறது, கொக்கி தெறித்தால் கண்ணுக்கு அபாயம். பெல்ட்டைக் கட்டும்போது நடுவில் ஒரே ஒரு முறுக்கு கொடுத்துவிட்டால் காற்றில் அது ஓயாமல் ரீங்கரிப்பது நின்றுவிடும்.

மேலே தார்ப்பாய். பைபர் மூடி அழகும் பூட்டும் உடையதுதான். ஆனால் அதன் எடை முழுவதும் உயரத்தில் இருக்கிறது. புழுதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடுகிற வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், பின்கதவின் இடுக்குகள் வழியாகச் செம்மண் தூள் உள்ளே உறிஞ்சப்படுகிறது. மேலே எவ்வளவு நன்றாக மூடினாலும் இது நிற்பதில்லை. கதவின் மூன்று ஓரங்களிலும் ரப்பர் பீடிங் ஒட்டியபின் முக்கால் பங்கு குறைந்தது.

வண்டியில் எதையும் வெல்டிங் செய்யவோ புதிதாகத் துளையிடவோ நான் சம்மதிக்கவில்லை. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி, தயாரிப்பாளர் வகுத்த மூல அமைப்பை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. நான் சொன்ன ஏற்பாடு முழுவதையும் பத்து நிமிஷத்தில் இறக்கிவிடலாம். திங்கட்கிழமை காலை அது வெறும் பாடிதான்.

செலவு என்று பார்த்தால், இழுப்பறைக்கு நான் கொடுத்தது 38,000 ரூபாய். கிரேட், மேட், பெல்ட், தார்ப்பாய் எல்லாம் சேர்ந்து 9,000-க்குள் முடிந்தன. உலர்ந்த பிரதேசத்தில், மாதக்கணக்கில் வண்டியிலேயே குடியிருந்து பிரயாணம் செய்பவருக்கு இழுப்பறை தக்கதாக இருக்கலாம். இரண்டு பருவமழைக்கும் நடுவே, சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற நம்மவர்க்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். என் ஏற்பாட்டிலும் குறை உண்டு: காலியாகத் திரும்பும் கிரேட்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து கீச்சிடுகின்றன, அவற்றுக்கு நடுவில் பழைய சாக்கைச் செருக வேண்டியிருக்கிறது, பூட்டு இல்லாததால் கடைத்தெருவில் வண்டியை விட்டுவிட்டு ஒருவரும் நகர முடியாது.

சென்ற மாதம் பொன்முடிக்கு ஏறினோம். 22 கொண்டை ஊசி வளைவுகள். புறப்படுமுன் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கர வளைவின் விளிம்புக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைச் சாமான் ஏற்றுமுன் ஒருமுறையும் ஏற்றியபின் ஒருமுறையும் அளந்தேன். நுகத்தடியைத் தூக்கிப் பார்க்க முடியாத வண்டிக்கு இதுவே வழி. இரண்டு அளவும் ஒன்றாக இருந்தன. இழுப்பறை நாட்களில் அது ஒரு விரற்கடை உயர்ந்திருக்கும்.