இடச்சான்றும் இடம்பெயர்ந்தோரும்: கோத்தா பாரு போர் அருங்காட்சியகத்தைப் பாப்பாரப்பட்டியிலிருந்து நோக்குதல்

ஆய்வுச்சுருக்கம்

போரில் படைகள் தரையிறங்கிய கடற்கரைகளை நினைவுகூரும் அருங்காட்சியகங்கள் 'இது இங்கே நிகழ்ந்தது' என்னும் இடச்சான்றை அடித்தளமாகக் கொண்டவை. மலேசியாவின் கோத்தா பாரு நகரிலுள்ள போர் அருங்காட்சியகத்தை முதன்மைச் சான்றாகவும், தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியிலுள்ள சுப்பிரமணிய சிவா நினைவிடத்தை ஒப்பீட்டுச் சான்றாகவும் கொண்டு, இடச்சான்றுக் கொள்கை தமிழ்த் தோட்டத் தொழிலாளரை நினைவின் எல்லைக்கு வெளியே நிறுத்தும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் நாவலும் நடுகல்லும் அவ்விடைவெளியை எவ்வளவு நிரப்புகின்றன என்பதும் மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தரையிறக்கம், அருங்காட்சியகம், பாப்பாரப்பட்டி, சயாம் மரண ரயில்பாதை, நடுகல், புலம்பெயர் தமிழ் நாவல்

பாப்பாரப்பட்டியின் சான்று

1908இல் வ.உ. சிதம்பரனாருடன் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்ற சுப்பிரமணிய சிவா, சிறையில் பற்றிய தொழுநோயோடு வெளியே வந்தார். நோயைக் காரணம் காட்டி அவருடைய ரயில் பயணம் தடுக்கப்பட்டது. அவர் நடந்தே ஊர் ஊராகச் சென்று பேசினார் என்பது அவர் வரலாற்றில் பலராலும் எடுத்துரைக்கப்படும் செய்தி. அவர் இறுதியாகத் தேர்ந்துகொண்ட ஊர் பாப்பாரப்பட்டி. அங்கே பாரத ஆசிரமத்தை நிறுவினார். அவர் எழுப்ப விரும்பிய பாரதமாதா கோயிலுக்கு 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும் முன்பே, 1925 ஜூலை 23 அன்று, சிவா அவ்வூரில் மறைந்தார். இன்று அங்கே அவருடைய நினைவிடம் இருக்கிறது. பாரதமாதாவுக்கான நினைவாலயமும் பிற்காலத்தில் அரசால் கட்டப்பட்டது.

வத்தலக்குண்டில் 1884இல் பிறந்து, தூத்துக்குடியில் அரசியல் செய்து, சிறைகளில் ஆண்டுகளைக் கழித்த ஒருவரின் நினைவுக்குப் பாப்பாரப்பட்டி ஏன் முதன்மை பெற வேண்டும்? உடல் கிடந்த இடம் அது என்பதே விடை. நினைவிடத்தின் அதிகாரம் அங்குள்ள படங்களிலிருந்தோ கட்டடத்திலிருந்தோ பிறப்பதன்று. அந்த மண்ணிலிருந்து பிறப்பது. அதே படங்களைச் சென்னையில் மாட்டினால் அது கண்காட்சி. பாப்பாரப்பட்டியில் மாட்டினால் நினைவிடம். இவ்வேறுபாட்டை ஈண்டு 'இடச்சான்று' எனலாம். ரயிலேற விடப்படாத ஒருவருக்கு இடச்சான்று எளிதில் அமைந்துவிட்டது. ரயில்பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டவர்களுக்கு அது அமையவில்லை.

இவ்விரு நிலைகளையும் இணைக்கும் கண்ணி நிர்வாக வரலாற்றில் உள்ளது. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். சிவா வாழ்ந்த காலத்தில் பாப்பாரப்பட்டி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு ஆகியவற்றோடு, மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணி முறையில் ஆள் அனுப்பிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களின் வழியே கப்பலேறியோர் வரிசை, உடலுழைப்புத் தொழிலாளரின் உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும்வரை நீண்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, அவர்கள் சென்ற நாட்டின் கரையில் ஜப்பானியப் படை இறங்கியது.

கோத்தா பாரு: கரையும் கட்டடமும்

1941 டிசம்பர் 8, நள்ளிரவு கடந்து ஒரு மணி நேரத்திற்குள், கிளந்தான் மாநிலத்தின் சபாக், படாங் கடற்கரைகளில் தாக்குமியின் தலைமையிலான ஜப்பானியப் பிரிவு இறங்கத் தொடங்கியது. வந்தவை மூன்று போக்குவரத்துக் கப்பல்கள். வீரர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர். கரையில் அவர்களை எதிர்கொண்டது இந்தியப் படையின் 8ஆம் பிரிகேடு. நீர் விளிம்பிலிருந்த காவலரண்களில் நின்றோர் 17ஆம் டோக்ரா ரெஜிமெண்டின் மூன்றாம் பட்டாளத்தார். ஆஸ்திரேலிய வான்படையின் ஹட்சன் விமானங்கள் தாக்கியதில் அவாஜிசான் மாரு என்னும் கப்பல் தீப்பற்றியது. ஆயினும் அன்று மாலைக்குள் விமானத்தளமும், மறுநாள் நகரமும் வீழ்ந்தன.

பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னரே இது தொடங்கியது என்பதால், பசிபிக் போரின் முதல் களம் தங்களுடையது என்று கோத்தா பாரு உரிமை கொண்டாடுகிறது. இவ்வுரிமை பொய்யன்று. ஆனால் முதன்மைக்கும் முக்கியத்துவத்துக்கும் இடையே வேறுபாடு உண்டு. யமாஷிதாவின் 25ஆம் படையின் பெரும்பகுதி அன்று இறங்கியது தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணி கரைகளில். மலாயாவின் மேற்குக் கரையை ஊடறுத்துச் சென்று, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரைச் சரணடைய வைத்ததும் அப்பகுதியே. கோத்தா பாருவில் சண்டை கடுமையாக இருந்தது; எனவே அது நினைவுக்குரியதாயிற்று. அருங்காட்சியகம் எதிர்ப்பை நாடுகிறது. எதிர்ப்புக் குறைந்த கரைகளில் நுழைந்தது போரின் போக்கை எவ்வளவு மாற்றியிருந்தாலும் அதற்குக் காட்சிப் பொலிவு இல்லை.

நார்மண்டியின் அர்ரோமான்ஷ் ஊரில் 1954இல் திறக்கப்பட்ட தரையிறக்க அருங்காட்சியகம், 1944இல் நேசநாடுகள் அமைத்த செயற்கைத் துறைமுகத்தின் எச்சங்களைக் கடலில் நேரே காணும்படி நிற்கிறது. கோத்தா பாருவில் அவ்வாறில்லை. போர் அருங்காட்சியகம் கடற்கரையிலிருந்து விலகி நகருக்குள், 'பேங்க் கெராப்பு' எனப்படும் 1912ஆம் ஆண்டுக் கட்டடத்தில் உள்ளது. அது மெர்க்கண்டைல் வங்கியாக இருந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் கெம்பெய்தாய் என்னும் ஜப்பானிய இராணுவக் காவல்படையின் தலைமையிடமாயிற்று.

இங்கேதான் இவ்வருங்காட்சியகத்தின் சுவையான முரண் உள்ளது. கட்டடத்தின் இடச்சான்று ஆக்கிரமிப்புக்கு உரியது. காட்சிப் பொருள்களின் அச்சோ படையெடுப்பு. பழைய நிழற்படங்களும் துருவேறிய துப்பாக்கிகளும் 1941 டிசம்பரை நோக்கியே பார்வையாளரை இழுக்கின்றன. சுவர்கள் அதன் பின்வந்த மூன்றரை ஆண்டுகளின் சுவர்கள். படை இறங்கிய ஓரிரவைச் சொல்லத் துப்பாக்கி போதும். உணவுப் பஞ்சத்தையும், மதிப்பிழந்த 'வாழைமர நோட்டை'யும், ஆள்பிடிப்பையும் சொல்லத் துப்பாக்கியால் இயலாது. பொருள் எதுவோ அதுவே கதையாகிவிடுவது போர் அருங்காட்சியகங்களின் பொதுநோய்.

இருவகை இந்தியர்

டோக்ரா வீரர்கள் காவலரணில் நின்றதால் கரையின் வரலாற்றில் இடம்பெற்றனர். எந்தப் படைவரலாறும் அவர்களை விட்டுவிட்டு அவ்விரவை எழுத முடியாது. மலாயாவில் அன்றிருந்த இந்தியருள் மிகப் பெரும்பான்மையினர் வேறு வகையினர். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் மாநிலத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழ்ப் பால்வெட்டுத் தொழிலாளர். அவர்களுக்குத் தரையிறக்கம் பார்த்த காட்சியன்று. துரைமார் ஓடியதும், ரப்பருக்கு விலை இல்லாது போனதும், அரிசி வராததுமே அவர்களை வந்தடைந்த போர்.

கோத்தா பாரு அருங்காட்சியகத்தில் தமிழரைத் தேடுவது ஒருவகையில் நேர்மையற்ற தேடல் என வாதிடலாம். கிளந்தான் மலாய் மக்கள் நிறைந்த மாநிலம். பெருந்தோட்டத் தமிழர் செறிந்தது மேற்குக் கரை. இவ்வாதம் ஏற்கத்தக்கதே. ஆனால் மேற்குக் கரைத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் இறந்தது தாய்லாந்தில். தாய்லாந்தின் அருங்காட்சியகம் தொழிலாளரை மலாயாவின் கதை என்று கருதலாம். மலாயாவின் அருங்காட்சியகம் மரணத்தைத் தாய்லாந்தின் கதை என்று கருதலாம். அனுப்பிய சேலமோ இரண்டையும் கடல் கடந்த கதை என்று கருதலாம். மூன்றும் தத்தம் அளவில் சரி. மூன்றும் சேரும்போது தொழிலாளி எங்குமில்லை.

சயாம்–பர்மா ரயில்பாதை தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கி.மீ. நீளமுடையது, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஈடுபடுத்தப்பட்டு, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் இதனினும் பன்மடங்கினர். அவர்களுள் இறந்தோர் தொண்ணூறாயிரம் அளவினர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. மலாயாத் தமிழர் முதலில் கூலி ஆசை காட்டியும் பின்னர் வலிந்து பிடித்தும் கொண்டுசெல்லப்பட்டனர். கைதிகளுக்குப் படைப்பிரிவும் எண்ணும் பெயர்ப்பட்டியும் இருந்தன. போர் முடிந்ததும் அவற்றைக் கொண்டு கல்லறைகள் அமைந்தன. தொழிலாளருக்குப் பட்டி இல்லை. அதனால் கல்லறையும் இல்லை.

காஞ்சனபுரியில் 1977இல் தோன்றிய போர் அருங்காட்சியகத்தின் பெயர் 'ஜீத்'. ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும், தாய்லாந்து, ஹாலந்து ஆகிய பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆன பெயர் அது. மிகுதியாக இறந்த மக்களின் நாடுகளுக்கு அப்பெயரில் ஓர் எழுத்தும் இல்லை. இது திட்டமிட்ட இருட்டடிப்பு என்பது மிகை. நினைவகம் கட்டுவோர் தமக்குக் கிடைத்த பட்டிகளைக் கொண்டே கட்டுகின்றனர். பட்டியில் இல்லாதவர் பெயரில் இல்லாதவராகின்றனர்.

நாவல் செய்தது

காட்சிப் பொருளும் கல்லறையும் இல்லாத இடத்தில் தமிழில் முதலில் வந்து நின்றது புனைகதை. 1972இல் நூலாக வந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' கடற்கரையில் தொடங்குவதில்லை. சுமத்திராவின் மேடான் நகரத் தெருவில், நுழையும் ஜப்பானியப் படையைப் பார்த்து நிற்போரிடையே தொடங்குகிறது. இறங்குபவனின் கோணமும் தடுப்பவனின் கோணமும் அல்லாத மூன்றாவது கோணம் அது. தரையிறக்க அருங்காட்சியகம் ஒன்றாலும் அக்கோணத்தைத் தர இயலவில்லை. எனினும் சிங்காரத்தின் உலகம் வட்டிக்கடையும் வணிகமும் சார்ந்த தமிழரின் உலகம். அங்கே தோட்டத் தொழிலாளி மையமாவதில்லை.

அம்மையத்தை மலேசியத் தமிழ் நாவலே அளித்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகியவை இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. பின்னதன் தலைப்பு வெறும் தலைப்பன்று. கட்டப்படாத ஒன்றுக்கு மாற்றாக நூல் தன்னையே முன்வைக்கிறது. இந்நாவல்களைக் கலைநுட்பக் குறை கூறி ஒதுக்கும் போக்கு தமிழ்த் திறனாய்வில் உண்டு. ஆவணம் இருக்கும் இடத்தில் நாவலிடம் கலையை மட்டும் கேட்கலாம். ஆவணமே இல்லாத இடத்தில் அவ்வளவுகோல் போதாது. அதே வேளை, நாவல் ஆவணமாகிவிடாது என்பதும் சொல்லப்பட வேண்டும். நாவலின் மாந்தருக்குப் பெயர் உண்டு. அப்பெயர்கள் இறந்தவர்களுடையவை அல்ல.

நடுகல்லின் இலக்கணம்

2023இல் காஞ்சனபுரியில், பௌத்தக் கோயில் வளாகம் ஒன்றில், மாண்ட தமிழ்த் தொழிலாளருக்கு நடுகல் நிறுவப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழித்தேனும் இது நிகழ்ந்தது பாராட்டுக்குரியது. தேர்ந்த வடிவம் தருமபுரி வட்டாரத்துக்கு மிக அணுக்கமானது. பல்லவர் காலந்தொட்டு நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் நிலப்பகுதி இது, தருமபுரி அருங்காட்சியகத்திலும் அவை காக்கப்படுகின்றன.

வடிவத்தின் தெரிவு ஆய்வுக்குரிய சிக்கலையும் எழுப்புகிறது. இவ்வட்டார நடுகற்கள் அரசன் ஆட்சியாண்டு, தலைவன், பூசல் நிகழ்ந்த ஊர், பட்ட வீரனின் பெயர் என்பவற்றைப் பொறிக்கும். ஆநிரை மீட்கவோ கவரவோ சென்று பட்டவன் தன் மரணத்தைத் தானே எதிர்கொண்டவன். ரயில்பாதைத் தொழிலாளி அவ்வாறு சென்றவனல்லன். காலராவிலும் பட்டினியிலும் மாண்டவன். அவனுக்கு நடுகல் எடுப்பது அவனை வீரனாக்குகிறது. அவன் வீரனாக இருக்க வேண்டிய கட்டாயம் என்ன? இரங்கத்தக்க மரணத்தை மதிக்க வீரத்தின் வடிவமன்றி வேறொன்று தமிழில் உருவாகவில்லையோ என்ற ஐயத்துக்கு இது இடம் தருகிறது. இரண்டாவதாக, பெயரைப் பொறிப்பதே உயிர்நிலையான ஒரு வடிவம் இங்கே பெயரற்ற பெருங்கூட்டத்துக்குப் பொதுவில் எடுக்கப்பட்டுள்ளது.

பெயர்களைத் தேட வேண்டிய இடம் காஞ்சனபுரி மட்டுமன்று. கங்காணி உரிமத்துடன்தான் ஆள் சேர்த்தான். கிராம முன்சீப்பின் பார்வைக்குப் பின்னரே ஆள் ஊரை விட்டான். முகாமில் பதிந்த பின்னரே கப்பலேறினான். புறப்பாட்டின் சுவடு மரணத்தின் சுவட்டைவிட எழுத்தில் மிகுதி. பழைய சேலம் மாவட்டத்தின் ஊர்களில், திரும்பி வராத ஒருவரின் பெயரைச் சொல்லத் தெரிந்த குடும்பங்களின் கடைசித் தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. சிவாவின் நினைவிடம் ஆண்டுதோறும் ஜூலையில் மாலை பெறும் பாப்பாரப்பட்டியில், அதையடுத்து ஓர் அறையில் இப்பெயர்களைத் தொகுத்து வைக்க இடச்சான்று தடையாகாது. புறப்பட்ட இடமும் ஓர் இடமே.