எண்பது வயதில் ஹைவே ஸ்டார்

டீப் பர்ப்பிள் ராக் குழுவின் கச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். “இந்த வயசுல அவங்க என்னத்தைப் பாடப்போறாங்க? வீட்டுலயே ‘மேட் இன் ஜப்பான்’ போட்டுக் கேட்டா போதாதா?” பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிட்டார் ரோஜர் குளோவரும் 1945-இல் பிறந்தவர்கள். டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ், ஆர்கன் வாசிக்கும் டான் ஏரி இருவரும் 1948. கிட்டார் சைமன் மெக்பிரைட் ஒருவர்தான் இவர்களுக்குப் பிள்ளை வயதில் இருப்பவர். எனவே கேட்பவர்கள் மீது தப்பில்லை.

‘மேட் இன் ஜப்பான்’ 1972 ஆகஸ்டில் ஒசாகாவில் இரண்டு இரவு, டோக்கியோவில் ஓர் இரவு நடந்த கச்சேரிகளிலிருந்து தொகுத்த இசைத்தட்டு. கில்லனுக்கு 27 வயது நிரம்ப இன்னும் இரண்டு மூன்று நாள் பாக்கி. அந்தக் குரலைத் தேடி இன்று அரங்குக்குள் நுழைகிறவர் ஏமாந்துதான் வருவார். அதைக் கேட்க இசைத்தட்டு இருக்கிறது, என்றும் இருக்கும். நான் போவது அதே மனிதர்கள் அதே பாட்டை இன்றைய உடம்போடு எப்படிக் கையாள்கிறார்கள் என்று கேட்க. சபாக்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வித்வானுக்கு வயதாக ஆக, சுருதி அரைக் கட்டை, ஒரு கட்டை இறங்கும். பிருகா குறையும். எண்பதைத் தாண்டிய செம்மங்குடியின் கச்சேரிக்குப் போனவர்கள் குரலின் வழவழப்பைக் கேட்கவா போனார்கள்?

முதலில் கில்லனின் தொண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1970-இல் வந்த ‘இன் ராக்’ இசைத்தட்டில் ‘சைல்ட் இன் டைம்’ என்று பத்து நிமிஷப் பாட்டு ஒன்று உண்டு. வேறொரு குழுவின் ‘பாம்பே காலிங்’ என்ற மெட்டிலிருந்து அதன் ஆர்கன் தொடக்கம் பிறந்தது என்பது ஒரு சுவையான உபரித் தகவல். பாட்டின் நடுவே சொற்கள் நின்றுபோய், வெறும் குரல் படிப்படியாக ஏறும். முதலில் முனகல், பிறகு அழைப்பு, கடைசியில் உச்சஸ்தாயியில் அலறல். அந்த அலறலைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே கில்லனின் ரசிகர்களானது. 2002-க்குப் பிறகு குழு அந்தப் பாட்டை மேடையில் தொடவில்லை. சுருதியை இறக்கிச் சமாளித்திருக்கலாம். கூடப் பாடுவதற்கு ஓர் இளம் குரலை நிறுத்தியிருக்கலாம். ரசிகர்கள் அதற்கும் கைதட்டியிருப்பார்கள். ஆனால் அந்தப் பாட்டின் உயிரே அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அதை எட்ட முடியாதபோது பாட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டார்கள். ஒரு கலைஞன் தன் பாட்டுக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அது என்றே நினைக்கிறேன்.

அதே சமயம் ‘ஹைவே ஸ்டார்’ பாட்டை விடவில்லை. போர்ட்ஸ்மவுத்துக்குப் போகும் பேருந்தில், எப்படிப் பாட்டு எழுதுவீர்கள் என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டதற்குப் பதிலாக அங்கேயே தொடங்கி, அன்றிரவே மேடையில் வாசித்த பாட்டு. அரை நூற்றாண்டு கழித்தும் அதை வைத்துத்தான் கச்சேரியைத் தொடங்குகிறார்கள். தொண்டை சூடாவதற்கு முன்பே இருப்பதிலேயே கடினமான பாட்டு! கவனித்துக் கேட்டால் கில்லன் என்ன செய்கிறார் என்று புரியும். நீட்ட வேண்டிய இடத்தில் சொல்லைச் சட்டென்று வெட்டிவிடுகிறார். வெட்டிய இடத்தைப் பெய்ஸின் டிரம்ஸ் நிரப்புகிறது. மேலே போக வேண்டிய வரியைப் பாதிப் பேச்சாகச் சொல்லிவிட்டு, சேமித்த மூச்சை அடுத்த வரியில் செலவழிக்கிறார். கிட்டாரும் ஆர்கனும் தனியாக வாசிக்கும்போது மேடையிலிருந்தே நகர்ந்துவிடுவார். ஓய்வு அவருக்கு வேண்டியதுதான். ஆனால் அவர் இல்லாத அந்த நிமிஷங்களில் பார்வையெல்லாம் வாத்தியக்காரர்கள் மீது திரும்புகிறது. இது வாத்தியக்காரர்களின் குழு, என்றைக்கும் அப்படித்தான்.

கில்லனின் இன்றைய குரல் முழுதாக மலர்வதைக் கேட்க வேண்டுமென்றால் ‘வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்’ வரும்வரை காத்திருக்க வேண்டும். 1972-இல் ஒரு சிறு இசைத்தட்டின் மறுபக்கத்தில் ஒதுங்கிப்போன மெதுவான பாட்டு. அப்போதைய கிட்டார் மேதை ரிச்சி பிளாக்மோருக்கு அது பிடிக்காததால் அவர் காலத்தில் அநேகமாக மேடைக்கு வராமலேயே கிடந்தது. அவர் போன பிறகுதான் பட்டியலில் நிலைத்தது. இதில் எட்ட வேண்டிய உயரம் எதுவும் இல்லை. கீழ்ஸ்தாயியில், மூச்சும் சொல்லும் கலந்து நடக்கிற பாட்டு. இளமையில் பாடிய பதிவில் குரல் அழகாக இருக்கிறது. சோகம் கொஞ்சம் கடன் வாங்கியதாகத் தெரிகிறது. இப்போது பாடும்போது குரலில் பிசிறு தட்டுகிறது, சில இடங்களில் காற்று மட்டும்தான் வருகிறது. அந்தப் பிசிறுதான் பாட்டுக்கு வேண்டியிருந்தது. பழைய பதிவைவிட இது ஒரு படி மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

பெய்ஸைப் பார்ப்பதற்கென்றே இடம் பிடிக்க வேண்டும். இடது கைக்காரர் என்பதால் டிரம்ஸ் முழுவதும் வழக்கத்துக்கு மாறாகத் திரும்பி அமைந்திருக்கும். 1968-இல் குழு தொடங்கியதிலிருந்து எல்லா அணிகளிலும் இருந்தவர் இவர் ஒருவரே. 2016-இல் லேசான பக்கவாதம் வந்து, சில கச்சேரிகளை ரத்து செய்து, அடுத்த மாதமே திரும்பி உட்கார்ந்துவிட்டார். ராக் டிரம்ஸ் என்றால் பலமாக அடிப்பது என்று நினைப்பவர்கள் இவருடைய ஸ்நேர் டிரம்மைக் காது கொடுத்துக் கேட்கட்டும். இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவில், குச்சி தோலை உரசுவது போல மெல்லிய சின்னஞ்சிறு அடிகள் விழுந்துகொண்டே இருக்கும். பின்வரிசையில் இருப்பவருக்கு அவை தனியாகக் கேட்காது. தாளம் ஏன் துள்ளுகிறது என்று மட்டும் தெரியும். அந்தத் துள்ளல் ஜாஸிலிருந்து வந்தது. ‘லேஸி’ என்ற பாட்டில் அது அப்படியே வெளியே தெரியும். வயது கையின் பலத்தைக் குறைத்திருக்கிறது. அந்தச் சின்ன அடிகளைத் தொடவே இல்லை.

ஆர்கன் விஷயத்துக்கு வருகிறேன். ஹாமண்ட் ஆர்கனை அதற்கென்றே உள்ள சுழலும் ஒலிபெருக்கியில் கொடுப்பதுதான் வழக்கம். ஜான் லார்ட் அதைக் கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் செருகினார். தேவாலயத்து வாத்தியம் உறுமத் தொடங்கியது. டீப் பர்ப்பிளின் ஒலி என்று நாம் சொல்வதில் பாதி அந்த உறுமல்தான். லார்ட் 2002-இல் விலகி, 2012-இல் காலமானார். அவர் இடத்துக்கு வந்த ஏரி, லார்டின் ஒலியை அப்படியே காப்பாற்றிக்கொண்டு கைவரிசையை மட்டும் தனதாக வைத்திருக்கிறார். தனி ஆவர்த்தனத்தில், எந்த ஊரில் வாசிக்கிறாரோ அந்த ஊர் மக்களுக்குத் தெரிந்த மெட்டு ஒன்றைக் கோத்துவிடுவார். ஆஸி ஆஸ்பர்னின் ‘மிஸ்டர் கிரௌலி’க்கு 1980-இல் அந்தப் புகழ்பெற்ற தொடக்கத்தை வாசித்தவரும் இவர்தான், சில இரவுகளில் அதுவும் தலைகாட்டும். ஹாமண்டின் கீழ்ஸ்தாயி காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் இறங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஹெட்போனிலும் அது கிடைக்காது.

‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1971 டிசம்பர் 4-ஆம் தேதி, மான்ட்ரூ நகரில் ஃபிராங்க் ஸாப்பா கச்சேரியில் யாரோ சுட்ட ஒளிக்குண்டால் காசினோ எரிந்து, அதிலிருந்து இந்தப் பாட்டு பிறந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தத் தொடக்க ரிஃபை பிளாக்மோர் இரண்டு தந்திகளையும் ஒரே நேரத்தில் விரலால் பறித்து வாசித்தார். பிளெக்ட்ரத்தால் அடித்தால் முதல் தந்தி ஒரு நொடித்துளி முந்திக்கொள்ளும், ஒலி தட்டையாகிவிடும். கிட்டார் கற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வாசிக்கிறார்கள்.

மற்றக் குழுக்களிலும் கேட்க வேண்டியது இந்த மாதிரி விஷயங்களைத்தான். ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் தன் கிட்டாரின் ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு, ஐந்து தந்திகளை ஜி ஸ்வரக்கோவைக்குச் சுருதி கூட்டி வாசிப்பவர். விரலை வைக்காமல் மீட்டினாலே இசைவான ஒலி வரும். மூட்டுவலி வந்த கைக்கு அந்த ஏற்பாடு இன்று கை கொடுக்கிறது. அவர்களின் டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் ஸ்நேரை அடிக்கும்போதெல்லாம் ஹை-ஹாட் தட்டிலிருந்து வலக்கையைத் தூக்கிவிடுவார். அந்த ஒரு கண இடைவெளியில்தான் ஸ்டோன்ஸின் அசைவு இருந்தது. 2021-இல் அவர் மறைந்த பிறகு ஸ்டீவ் ஜோர்டன் அமர்ந்திருக்கிறார். பிரமாதமான வாசிப்பு, ஆனால் கச்சேரி முழுக்க என் காது அந்த இடைவெளியைத் தேடிக்கொண்டேதான் இருந்தது. பாடகர் மிக் ஜாகரோ 2019-இல் இதய வால்வு சிகிச்சை முடிந்து சில வாரங்களில் சிகாகோ மேடையில் ஓடினார். அது எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பிளாக் சபாத் குழுவின் கிட்டார் டோனி ஐயோமி 17 வயதில், பர்மிங்காம் தகரத் தொழிற்சாலையில் வேலையை விட்டுப்போகும் நாளன்று, வலக்கை இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் அவைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார், பின்னால் சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த ஒலி இப்படித்தான் வளர்ந்தது. உடம்பில் உள்ள குறைக்கு ஏற்றாற்போல் இசையை வளைப்பதை ராக்காரர்கள் முதுமையில் புதிதாகக் கற்கவில்லை என்பதற்கு இவரே சாட்சி. 2025 ஜூலை 5-ஆம் தேதி, நால்வரும் வளர்ந்த ஆஸ்டன் பகுதியில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சபாத்தின் கடைசிக் கச்சேரி நடந்தது. பார்கின்சன் நோயால் நிற்க முடியாத அவர்களின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் கறுப்புச் சிம்மாசனத்தில் அமர்ந்து பாடினார். அவர் எழ முயன்று முடியாமல் உட்கார்ந்த இடங்களில் கூட்டம் பாட்டைத் தூக்கிக்கொண்டது. 17 நாள் கழித்து அவர் இறந்துபோனார்.

நம் பக்கத்து ரசிகர்களுக்கு இந்த வாய்ப்பெல்லாம் பெரும்பாலும் பெங்களூரு அரண்மனை மைதானத்தில்தான் கிடைத்தது. 2002-இல் ரோஜர் வாட்டர்ஸ், 2003-இல் ஸ்டோன்ஸ், 2007-இல் அயர்ன் மெய்டன். சென்னையிலிருந்து ரயிலேறிப் போய், விடிகாலை வண்டியில் திரும்பி, அப்படியே அலுவலகம் போனவர்கள் இன்றும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மேடைக்கு முட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அங்கே டிரம்ஸும் ஒன்றிரண்டு ஆம்ப்ளிஃபையரும்தான் கேட்கும், பாட்டு தலைக்கு மேல் போய்விடும். ஒலியைக் கலக்கும் மேசை மைதானத்தின் நடுவில் இருக்கும். அதற்குச் சற்று முன்னால் நின்றால், அந்த ஒலிப் பொறியாளர் கேட்பதையே நீங்களும் கேட்கலாம். காதுக்கு அடைப்பான் கட்டாயம்.

கடைசியாக, புதிய பாட்டுகள். டீப் பர்ப்பிள் 2024-இல் ‘=1’ என்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. ‘போர்ட்டபிள் டோர்’, ‘லேஸி சாட்’ போன்ற பாட்டுகளைக் கச்சேரியின் நடுவில் வாசிக்கிறார்கள். அவை தொடங்கியதும் பாதிக் கூட்டம் பீர் வாங்கவும் கழிப்பறைக்கும் கிளம்பிவிடுகிறது. எனக்கு மனசு பதறும். அந்த மாலையிலேயே கில்லன் எந்தச் சமாளிப்பும் இல்லாமல் முழுக் குரலில் பாடுவது அவற்றைத்தான். இன்றைய தொண்டையை மனதில் வைத்து எழுதிய மெட்டுகள், ஒரு வரியையும் வெட்ட வேண்டியதில்லை, எதையும் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. மெக்பிரைடும் யாருடைய நிழலும் இல்லாமல் தன் சொந்த வாசிப்பை வாசிக்கிறார். உங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் பீருக்குப் போகட்டும். அவர்கள் விட்டுப்போன இடத்தில் நாலடி முன்னே நகர்ந்து நின்றுகொள்ளுங்கள்.