நாணல் துளிர்க்கும் முன்

டென்மார்க்கின் வைலே நகருக்கு வடமேற்கே, யெல்லிங் ஊரை ஒட்டி ஃபோரூப் ஏரி இருக்கிறது. வசந்தம் பிறந்ததும் அந்நாட்டு ஏரிகளில் கொண்டை முக்குளிப்பான்கள் இணை தேடும். ஆணும் பெண்ணும் எதிரெதிரே வந்து தலையசைக்கும். நீர்ப்பாசியை அலகில் கவ்விக்கொண்டு, மார்போடு மார்பு உரச நீர்மேல் எழும்பும். கேமராக்காரர்கள் ஏங்கிக் காத்திருக்கும் காட்சி இது.

ஆனால் இந்த ஆட்டத்தின் பொருளை நமக்கு விளக்கியது பொறுமையான பார்வைதான். 1912இல் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி இங்கிலாந்தின் டிரிங் நீர்த்தேக்கங்களில் இருநோக்கியோடு உட்கார்ந்து குறிப்பெடுத்தார். 1914இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, பறவை நடத்தை ஆய்வின் முன்னோடிகளுள் ஒன்று.

கேமராவின் கொடையும் சிறிதன்று. முன்பெல்லாம் பறவையை ஐயமின்றி அடையாளம் காணச் சுட்டு வீழ்த்துவார்கள். இன்று ஒரு படம் போதும். எங்கே, எந்த நாளில் எடுத்தது என்ற குறிப்போடு இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால், சாதாரண ஆர்வலரின் படமும் ஆய்வாளருக்குச் சான்றாகிறது. அழகை விடவும் இந்தப் பயனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

குறை, நெருங்கிப் போகும் ஆசையில் இருக்கிறது. ஏப்ரலில் ஏரிக்கரையில் நிற்பது சென்ற ஆண்டின் காய்ந்த நாணல். புதுநாணல் அடர்ந்து வளர இன்னும் வாரங்கள் ஆகும். படமெடுக்க வசதியான அந்தத் திறப்பே பறவைக்கு ஆபத்து. முக்குளிப்பானின் கூடு நீரில் மிதக்கும் பாசிக் குவியல். கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போவது அதன் வழக்கம். படகு திடீரென நெருங்கினால் அதற்கும் நேரமிருக்காது. திறந்து கிடக்கும் முட்டை காக்கைக்கு இரை. படத்தில் இந்த இழப்பு தெரிவதில்லை, பாராட்டுவோருக்கும் தெரிவதில்லை. நெருக்கமான படத்துக்கே கைதட்டல் கிடைக்கும்வரை படகுகள் நாணலுக்குள் நுழைந்துகொண்டுதான் இருக்கும்.

நெருங்காமலும் பார்க்கலாம். வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தில் பார்வையாளர் கரையிலும் கோபுரத்திலும் நின்றே பார்க்கிறார்கள். பறவைகள் ஏரி நடுவே உள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன. அந்தத் தூரத்தால் நம் பார்வை எதையும் இழந்துவிடவில்லை.

திறந்த நீரில் ஆடும் இணையைக் கரையிலிருந்து படமெடுப்பதில் குற்றமில்லை. கூட்டின் படம் மட்டும் வேண்டாம். எடுக்காதீர்கள்; யாராவது எடுத்து அனுப்பினால் பகிராதீர்கள். பறவை கழுத்தை நிமிர்த்தி உங்களையே பார்க்கத் தொடங்கினால், அங்கிருந்து பின்வாங்குங்கள்.