தமிழ்க் கிறிஸ்தவ வழிபாட்டுப் பாடல்களில் சொல்லும் பொருளும்

தமிழ்க் கிறிஸ்தவ வழிபாட்டில் இன்று மூன்று வகைப் பாடல்கள் பெருவழக்காக உள்ளன. ஐரோப்பிய மெட்டில் அமைந்த பாமாலை, கர்நாடக இசை சார்ந்த கீர்த்தனை, கிதாரும் கீபோர்டும் சேர்ந்த புதிய துதிப்பாடல் ஆகியவை அவை. இவை குறித்த விவாதம் பெரும்பாலும் பழமையா புதுமையா, கருவிகளின் இரைச்சல் கூடுதலா குறைவா என்பதோடு நின்றுவிடுகிறது. பாடுபவர் வாயில் சொல் என்னவாகிறது என்பது அரிதாகவே பேசப்படுகிறது.

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தபின், ஜெர்மானியப் பாடல்கள் தமிழுக்கு வரத் தொடங்கின. அதே நூற்றாண்டில் பெப்ரீசியஸ் பல பாடல்களை மூல மெட்டு மாறாமல் மொழிபெயர்த்தார். உழைப்பில் குறையில்லை, சிக்கல் மொழியில் இருந்தது. ஜெர்மன் யாப்பு அசையழுத்தத்தில் நிற்பது, தமிழ் யாப்பு குறில் நெடிலில் நிற்பது. மெட்டு நீளும் இடத்தில் குறில் விழுந்தால் 'வரம்' 'வாரம்' ஆகிவிடும், 'பலம்' 'பாலம்' ஆகிவிடும். பழகிய காதுக்கு இது உறைப்பதில்லை. முதன்முறை கேட்பவருக்கு உறைக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பியவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸிடம் பயின்று, சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்ற புலவர் அவர். குறவஞ்சி மக்களுக்குத் தெரிந்த வடிவம். உலா வரும் தலைவன், அவன்மேல் மையல் கொள்ளும் தலைவி, குறி சொல்லும் குறத்தி, பறவை பிடிக்கும் சிங்கன் என அதன் பாத்திரங்களும் தெரிந்தவை. சாஸ்திரியார் அந்த வடிவத்தைக் கலைக்காமல் பெத்லகேம் குறவஞ்சியை எழுதினார். சிங்கனின் வலை ஆன்மாக்களைச் சேர்க்கும் வலையாயிற்று. புதிய வானியல், புவியியல் செய்திகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. வடிவம் ஊருக்குச் சொந்தமாக இருந்ததால் புதிய பொருள் அந்நியமாகத் தோன்றவில்லை. அவரது படைப்பாற்றலின் மையம் இதுவே.

ஆனால் அவரை வெறும் புகழ்ச்சியோடு கடந்துவிட முடியாது. 1820களின் இறுதியில் தஞ்சையில் புதிய மிஷனரிகளோடு மூண்ட மோதலில், வழிபாட்டில் தமிழிசைப் பாடல்களைத் தடுப்பதை அவர் எதிர்த்தார். அதே மோதலில் சபைக்குள் சாதி வேறுபாடு நீடிப்பதற்காகவும் வாதாடினார். தமிழ்ப் பாட்டுக்கான உரிமையும் சாதிக்கான உரிமையும் ஒரே குரலில் கேட்கப்பட்டன. கீர்த்தனை பின்னர் பரவலாக ஏற்கப்பட்டது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார்.

அந்த மோதலின் மறுபாதியைப் பாட்டிலேயே எடுத்துப் பேசியவர் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்ற பெயராலும் அறியப்பட்டவர். கீர்த்தனையின் ராகமும் வடமொழி கலந்த நடையும் மேல்சாதிப் பண்பாட்டைச் சுமப்பவை என்பது அவர் வாதம். கிராமிய இசையில் முழு வழிபாட்டு முறையையே அமைத்தார், கடவுளைப் பெற்றோராக விளித்தார், எல்லோருக்கும் ஒரே உலையில் பொங்கும் சோற்றை இறையியல் ஆக்கினார். பாடுவோர் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதே கிராமியப் பாட்டின் பலம் என்றும் கருதினார். கீர்த்தனை முழுவதையும் இப்படி ஒதுக்குவது சற்று மிகைதான். ஆனாலும் எளிய சொல் ஆழமற்றது என்ற எண்ணத்தை அந்த 'உலை' உடைத்துவிட்டது.

புதிய துதிப்பாடல்களில் பலவற்றின் குறை, அடிகள் திரும்பத் திரும்ப வருவதில் இல்லை. நாற்று நடும் பாட்டிலும்தான் அடிகள் திரும்புகின்றன. மகிமை, கிருபை, வல்லமை, துதி என்னும் சில சொற்கள் இடம் மாறி மாறி வருவதே குறை. ஒரு பாடலின் அடியை எடுத்து இன்னொன்றில் வைத்தாலும் வேறுபாடு தெரிவதில்லை. கூலி, கடன், வறட்சி, நோயாளியின் படுக்கை எதுவும் அவற்றில் தலைகாட்டுவதில்லை. ஆயினும் புத்தகமில்லாமல், எழுத்தறியாதவரும் முதல் நாளிலேயே சேர்ந்து பாடும் வாய்ப்பை அவை தருகின்றன; கீர்த்தனை இதை எளிதில் தந்ததில்லை.

கீர்த்தனையை இன்றும் பாடும் சபைகள் அதற்குப் பெரிய நியாயம் செய்வதாகவும் சொல்ல முடியாது. நேரம் கருதிப் பல்லவியும் முதற் சரணமும் கடைசிச் சரணமும் மட்டும் பாடப்படுவது வழக்கமாகிவிட்டது. சிலுவைப்பாட்டைப் படிப்படியாகச் சொல்லும் கீர்த்தனையில், இப்படிப் பாடும்போது விட்டுப்போவது நடுக்கதை.