மீட்சியின் செலவுக் கணக்கு

பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வீடியோ விளையாட்டுகளுக்கு ஆண்டுதோறும் வழங்கும் விருதுகளில், வெளியான பிறகும் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வளரும் விளையாட்டுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அப்பிரிவில் 2022இல் ‘நோ மேன்ஸ் ஸ்கை’யும், 2023இல் ‘ஃபைனல் ஃபேண்டசி 14’உம், 2024இல் ‘சைபர்பங்க் 2077’உம் பரிசு பெற்றன. மூன்றுமே வெளியான காலத்தில் காசு கொடுத்து வாங்கியவர்களின் கடுஞ்சினத்துக்கு ஆளானவை. அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் ஒரே விருது இப்படி விழுந்து எழுந்தவற்றையே தேடிச் சென்றது தற்செயலாக இருக்கலாம்; ஆனால் அத்தேர்வுகளைச் சுற்றி எழுந்த பாராட்டில் தற்செயல் ஏதுமில்லை. குறிப்பாக, ‘நோ மேன்ஸ் ஸ்கை’யை உருவாக்கிய ஹலோ கேம்ஸ், எந்தப் பெருநிறுவனத்துக்கும் தன்னை விற்காமல், புதுப்பிப்புகளுக்கு ஒரு காசும் கேட்காமல், இழந்த பெயரைத் தன் உழைப்பாலேயே மீட்டெடுத்த முன்மாதிரி என்னும் வாதம் இன்று ஏறத்தாழ மறுப்பின்றி ஏற்கப்பட்டுவிட்டது. அந்த வாதம் உழைப்பைச் சரியாக எடைபோடுகிறது என்றாலும், அந்த உழைப்புக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை.

உழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரில் இயங்கும் இந்தச் சிறிய ஸ்டூடியோ, 2016 நவம்பரில் தளம் அமைக்கும் வசதியையும், 2018 ஜூலையில் பலர் கூடி விளையாடும் வசதியையும், 2019 ஆகஸ்டில் மெய்நிகர் உலகில் நுழையும் வசதியையும் சேர்த்தது. அதன் பின்னும் ஆண்டுதோறும் புதுப்பிப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஏற்கெனவே வாங்கியவர்கள் எதற்கும் கூடுதல் கட்டணம் செலுத்தவில்லை. தனித்து நின்றதும் இதற்கு உதவியது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான பயோவேர் 2019 பிப்ரவரியில் வெளியிட்டுத் தோற்ற ‘ஆந்தம்’ விளையாட்டைப் புதுப்பிக்கும் முயற்சி, இரண்டே ஆண்டுகளில் கைவிடப்பட்டது. ஹலோ கேம்ஸில் அப்படி நட்டக்கணக்கு பார்த்துக் கதவை மூடும் மேலிடம் இருக்கவில்லை. வெளியீடு சில வாரங்கள் தள்ளிப்போனதற்காக நிறுவனர் ஷான் மர்ரிக்கு வந்த கொலை மிரட்டல்கள் எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாதவை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, மீட்சி என்று சொல்லப்படுவது எதிலிருந்து மீண்டது என்பதைப் பார்க்க வேண்டும். விளையாட்டின் அடிப்படை, நிரல்வழி உருவாக்கம் எனப்படும் முறை. அதாவது ஓவியர்கள் ஒவ்வொரு கோளையும் கையால் வரையாமல், ஒரு தொடக்க எண்ணைக் கணித விதிகளுக்குள் செலுத்தி, நிலம், வானம், செடி, உயிரினம் ஆகியவற்றைக் கணினியே பிறப்பிக்கச் செய்வது. இம்முறையில் இரண்டின் 64ஆம் அடுக்கு எண்ணிக்கையில், அதாவது 18க்குப் பின் 18 பூச்சியங்கள் இட்டால் வருவதற்கும் சற்று மேற்பட்ட எண்ணிக்கையில் கோள்கள் உண்டென்று அறிவிக்கப்பட்டது. 2013 டிசம்பரில் முதல் முன்னோட்டமும், 2014இல் ஈ3 கண்காட்சியின் சோனி மேடையில் அடுத்த முன்னோட்டமும் வந்தன. மரங்களைச் சாய்த்துக்கொண்டு ஓடும் பேருயிர்களும், அணிவகுத்துச் செல்லும் விண்கலங்களும் அவற்றில் காட்டப்பட்டன. ஒரு வீரர் இன்னொரு வீரரைச் சந்திக்க முடியுமா என்று நேர்காணல்களில் கேட்கப்பட்டபோது, முடியும், ஆனால் உலகம் மிகப் பெரிது என்பதால் வாய்ப்பு மிகக் குறைவு என்னும் பொருளில் விடை தரப்பட்டது.

2016 ஆகஸ்டில் விளையாட்டு வெளியான உடனேயே அந்த அரிய வாய்ப்பு நேர்ந்துவிட்டது. இருவர் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒரே கோளுக்குச் சென்று, ஒரே கட்டடத்தின் ஒரே இடத்தில் நின்றார்கள். இருவரின் திரைகளையும் நேரலையில் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் திரையில் மற்றவர் தோன்றவேயில்லை. நேர்காணலில் சொன்னபடி குறைவான வாய்ப்பாக இருந்தது உண்மையில் இல்லாத வாய்ப்பு என்பது அப்போது வெளிப்பட்டது. இது கூடி விளையாடுவதற்கான விளையாட்டு அல்ல, அதை எதிர்பார்த்து வர வேண்டாம் என்று மர்ரி சமூக ஊடகத்தில் எழுதியது உண்மைதான். ஆனால் அவர் அப்படி எழுதியது வெளியீட்டுக்கு முந்தைய நாள். முன்பதிவு என்னும் முறையில், அதாவது பொருளைப் பார்க்கும் முன்பே பணத்தைக் கட்டிவிடும் முறையில், 60 டாலர் முழு விலையைத் தந்திருந்தவர்கள் அதற்குள் எத்தனையோ பேர்.

அவர்களுக்குத் திரும்பும் வழியும் குறுகலாகவே இருந்தது. ஸ்டீம் என்னும் இணையக் கடையின் விதிப்படி, வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கு மேல் விளையாடாமல் இருந்தால்தான் பணம் திரும்பக் கிடைக்கும். இந்த விளையாட்டுக்கென்று தனிச் சலுகை ஏதுமில்லை என்று அக்கடையே தன் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியது. பேரண்டத்தின் மையத்தை நோக்கிப் பல பத்து மணி நேரம் பயணம் செய்யுமாறு அமைக்கப்பட்ட ஒரு விளையாட்டில், அம்மையத்தை அடைந்தவர் இன்னொரு விண்மீன் மண்டலத்தின் தொடக்கத்துக்குத் தள்ளப்படுவதைத் தவிர வேறெதுவும் நிகழாது என்பதை, முதல் இரண்டு மணி நேரத்தில் எவரால் கண்டுபிடிக்க முடியும்? பிரிட்டனின் விளம்பரத் தரக் கண்காணிப்பு ஆணையம் 23 முறையீடுகளைப் பெற்று ஆராய்ந்து, 2016 நவம்பர் 30 அன்று விளம்பரம் தவறாக வழிநடத்தவில்லை என்று தீர்ப்பளித்தது. உலகம் நிரல்வழி உருவாவதால் ஒவ்வொருவரும் காண்பது வேறுபடும் என்பதை வாங்குபவர் புரிந்துகொள்வார் என்பது அதன் காரணங்களுள் ஒன்று. ஸ்டூடியோவை ஆதரிப்போர் இத்தீர்ப்பை அடிக்கடி எடுத்துக்காட்டுகின்றனர். ஆயினும், எவராலும் முழுமையாகச் சுற்றிப் பார்க்க முடியாத அளவுக்குப் பெரிய உலகை விற்பவரிடம், காட்டியது அங்கே இல்லை என்று வாங்கியவர் எக்காலத்திலும் நிறுவ முடியாது என்பதையே அக்காரணம் மறைமுகமாகச் சொல்கிறது. ஆணையம் ஆராய்ந்தது கடைப்பக்கத்து விளம்பரத்தின் சட்டத் தகுதியை மட்டுமே. மூன்றாண்டு நேர்காணல்கள் எழுப்பிய எதிர்பார்ப்பு அதன் முன் வைக்கப்படவே இல்லை.

தனித்து இயங்குதல் என்னும் புகழின் உள்ளே மறைந்திருக்கும் கணக்கு இங்கேதான் தெரிய வருகிறது. முடியாத ஒரு பொருளை முடிக்க ஆண்டுக்கணக்கில் சம்பளம் வேண்டும். அதைப் பொதுவாகத் தருபவர் முதலீட்டாளர் அல்லது வெளியீட்டு நிறுவனம். அவர்கள் பணம் தரும்போது கணக்குக் கேட்பார்கள், கெடு வைப்பார்கள், இலாபத்தில் பங்கு பெறுவார்கள். அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டதே ஹலோ கேம்ஸின் சிறப்பு என்றால், அவர்கள் ஏற்றிருக்க வேண்டிய இடரை ஏற்றவர் யார் என்று கேட்டாக வேண்டும். ஏற்றவர், முதல் நாளில் முழு விலை கொடுத்து வாங்கியவரே. 2018இன் கூட்டு விளையாட்டும் 2019இன் மெய்நிகர் வசதியும் உருவாகத் தேவையான பணம் 2016 ஆகஸ்டில் அவர் பையிலிருந்து எடுக்கப்பட்டதுதான். தாம் முதலீடு செய்கிறோம் என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்படவில்லை. பங்கும் இல்லை, கணக்குக் கேட்கும் உரிமையும் இல்லை. வெளியீட்டுக்குப் பிந்தைய வாரங்களில் ஸ்டூடியோ ஏறத்தாழ முழு மௌனம் காத்தபோது, அந்த மௌனத்தைக் கலைக்கும் அதிகாரமும் அவரிடம் இல்லை. பேசுவதைவிட வேலை செய்வதே மேல் என்று பின்னாளில் அம்மௌனம் ஒரு பண்பாகவே போற்றப்பட்டது. பங்குதாரர்களுக்கு விடைசொல்ல வேண்டிய எந்த நிறுவனத்துக்கும் இந்தப் போற்றுதல் கிடைத்திருக்காது.

முதலில் வாங்கியவர்களுக்கும் கடைசியில் எல்லாம் கிடைத்துவிட்டதே என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுமொழி. கிடைத்தது உண்மை, கிடைத்த காலமும் விலையும் வேறு. கூடி விளையாடும் வசதி வருவதற்குள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் விளையாட்டு அடிக்கடி பாதி விலைக்கு விற்கப்படலாயிற்று. எனவே நிறைவடைந்த பொருளைப் பெற்றவர் குறைந்த விலையும், அரைகுறைப் பொருளைப் பெற்றவர் முழு விலையும் கொடுத்தார்கள். முதலில் நம்பியவரே அதிகம் இழந்தார் என்ற இந்தத் தலைகீழ்க் கணக்கைச் சரிசெய்ய, அவருக்கென்று எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. வாங்கிய கடனைத் தவணை கடந்து திருப்பித் தந்தவருக்கு ஊர் கூடிப் பொன்னாடை போர்த்துவது போன்றதே இவ்விருதுகள் தரும் மரியாதை. கடன் கொடுத்தவர் அந்தக் கூட்டத்தில் எங்கும் தென்படுவதில்லை.

வேறு வழியே இருக்கவில்லை என்ற சமாதானமும் நிற்காது. முடியாத விளையாட்டை முடியாதது என்று சொல்லியே விற்கும் முன்னணுகல் முறை ஸ்டீம் கடையில் 2013 முதலே இருந்தது. பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோ ‘பால்டர்ஸ் கேட் 3’ஐ அந்த முறையில் 2020 அக்டோபரில் முழு விலைக்கே விற்றது, ஆனால் கதையின் முதற்பகுதி மட்டுமே உள்ளது, பிழைகள் உண்டு, பொறுக்க முடியாதவர் காத்திருக்கலாம் என்பது வாங்குமுன்பே சொல்லப்பட்டது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் வாங்கியவர்கள் சுட்டிய குறைகளைத் திருத்தி 2023 ஆகஸ்டில் முழுமையாக வெளியிட்டபோது, அது யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. விழுந்தே எழுந்தவர்களிலும் வேறுபாடு உண்டு: ‘ஃபைனல் ஃபேண்டசி 14’ 2010இல் தோற்றதும், ஸ்கொயர் எனிக்ஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, மேற்பார்வைப் பொறுப்பை நவோகி யோஷிதாவிடம் ஒப்படைத்து, மாதக் கட்டணம் வாங்குவதை ஓராண்டுக்கு மேல் நிறுத்திவைத்தது. அது தனித்து இயங்கும் சிறு நிறுவனமும் அன்று. பெருநிறுவனமே தன் பையிலிருந்து நட்டத்தை ஏற்றது. இந்த இரு வழிகளுக்கும் ஹலோ கேம்ஸின் வழிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை, மீட்சியை மட்டுமே பேசும் புகழுரை அழித்துவிடுகிறது.

அழிப்பது புகழுரை மட்டுமன்று. புதுப்பிக்கப்படும் விளையாட்டில் ஒவ்வொரு பதிப்பும் முந்தையதன் மேலேயே எழுதப்படுவதால், 2016 ஆகஸ்டில் விற்கப்பட்ட பொருளை இன்று கடையில் எவரும் வாங்கிப் பார்க்க முடியாது. ஸ்டீமில் ஒரு காலத்தில் எதிர்மறையாக இருந்த ஒட்டுமொத்த மதிப்பீடும் 2024இல் ‘மிகவும் நேர்மறை’ என்னும் நிலைக்கு ஏறிவிட்டது. சான்று மறையும்போது விமரிசனத்தின் வேலை நினைவில் வைப்பது. இத்துறை விமரிசனமோ மறப்பதைப் பெருந்தன்மையாகக் கருதிக்கொண்டது. அதன் விளைவு 2020 டிசம்பரில் தெரிந்தது. சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 80 லட்சம் முன்பதிவுகளுடன் ‘சைபர்பங்க் 2077’ஐ வெளியிட்டபோது, விமரிசகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே முன்கூட்டித் தரப்பட்டது, பழைய கன்சோல்களில் அது ஓடிய நிலை எவ்வளவு மோசமாக இருந்ததென்றால், சில நாட்களுக்குள் சோனி தன் கடையிலிருந்தே அதை நீக்கியது. அப்போதே பலரும் சொன்ன ஆறுதல், இதுவும் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ போல ஒரு நாள் மீளும் என்பதுதான். ஏமாற்றத்தின் நாளிலேயே மீட்சியை முன்கூட்டி வழங்கிவிடும் ஒரு ரசிகர் கூட்டத்திடம், முடித்துவிட்டு விற்க வேண்டும் என்ற கட்டாயம் எந்த நிறுவனத்துக்கு இருக்கும்?

விருது மேடைகளும் இதில் நடுநிலையாளர்கள் அல்ல. 2013 டிசம்பர் 7 அன்று ‘நோ மேன்ஸ் ஸ்கை’யின் முதல் முன்னோட்டத்தை உலகுக்குக் காட்டிய விஜிஎக்ஸ் நிகழ்ச்சியைத் தொகுத்தளித்தவர்களுள் ஜெஃப் கீலியும் ஒருவர், அவர் பின்னர் தொடங்கிய ‘தி கேம் அவார்ட்ஸ்’ 2020இல் அதே விளையாட்டுக்குத் தொடர்ந்து இயங்கும் சிறந்த விளையாட்டு விருதை அளித்தது, சரியாகப் பத்தாண்டு கழித்து 2023 டிசம்பர் 7 அன்று அதே விருது விழாவில் ஹலோ கேம்ஸின் அடுத்த விளையாட்டான ‘லைட் நோ ஃபயர்’ அறிவிக்கப்பட்டது. ‘சைபர்பங்க் 2077’ அதே தொடர் விருதைப் பெற்றதும், ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆண்டின் சிறந்த விளையாட்டானதும் அந்த இரவில்தான். முன்னோட்டம் காட்டி எதிர்பார்ப்பை விற்கும் மேடையே, அந்த எதிர்பார்ப்பு பொய்த்தபின் மன்னிப்பையும் வழங்கி, அடுத்த எதிர்பார்ப்புக்கும் இடம் தருமென்றால், அங்கே வழங்கப்படுவது திறனாய்வின் தீர்ப்பன்று, வணிகத்தின் தொடர்ச்சி.

‘லைட் நோ ஃபயர்’ ஒரு பூமியளவு உலகைத் தருவதாகச் சொல்லப்படுகிறது. ஸ்டூடியோவின் மீட்சி உண்மையானதா என்பதற்குச் சான்று, இதுவரை வெளிவந்த புதுப்பிப்புகளின் நீண்ட பட்டியலில் இல்லை. அந்த விளையாட்டு விற்பனைக்கு வரும் முதல் நாளில், விமரிசகர்களின் கையில் முன்கூட்டியே கிடைத்து, காட்டியதும் கொடுப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்பதில் இருக்கிறது. தொடர்ந்து இயங்கும் விளையாட்டுகளுக்கு விருது தருவோரும், வெளியான நாளில் அந்த விளையாட்டு எப்படி இருந்தது, அன்று வாங்கியவர்களுக்கு நிறுவனம் என்ன ஈடு செய்தது என்ற இரு கேள்விகளையும் தேர்வு நெறிக்குள் கொண்டுவராதவரை, அவ்விருது ஒவ்வொன்றும் அரைகுறையாக விற்கத் துணியும் அடுத்த நிறுவனத்துக்குத் தரப்படும் முன்னுறுதியாகவே அமையும்.